மைக்ரோகண்ட்ரோலருக்குப் பேசிக் மொழியில் நிரல் எழுதப் பழகுவது வீண் வேலையா?

"பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சி மொழி பிடிபடவில்லை; பேசிக் கம்பைலரைக் கொண்டு ஏவிஆர் வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்கு நிரல் எழுதத் தொடங்கலாமா, அது வேகமில்லாத பழைய மொழி என்று உடன் படிப்பவர்கள் சொல்வது சரிதானா, தொடங்குவதென்றால் எதை வாங்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் இருந்துகொண்டு, சுற்றுவட்டார வீடுகளுக்கும் புதுவயலில் உள்ள அரிசி ஆலைகள் சிலவற்றுக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து கொடுப்பது என் தொழில். பன்னிரண்டு ஆண்டுகளாக அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓடுவது பேசிக்கில் எழுதிய நிரல்தான். ஆனால் மொழி எளிதாக இருக்கிறதே என்று சிப்பைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆகவே அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வேகம். பேசிக் என்றாலே மெதுவாக ஓடும் என்ற எண்ணம் இன்டர்பிரட்டர்களால் வந்தது. 1980களின் வீட்டுக் கணினிகளில் பேசிக் வரிகள் ஓடும்போதே ஒவ்வொன்றாகப் படித்துப் பொருள் கொள்ளப்பட்டன. மைக்ரோகண்ட்ரோலர் உலகிலும் அந்த வழி இருந்தது: இன்டெல் நிறுவனம் தன் 8052 சிப்பின் 8 கிலோபைட் ரோமுக்குள்ளேயே ஒரு பேசிக் இன்டர்பிரட்டரை வைத்து விற்றது, பேரலாக்ஸ் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த பேசிக் ஸ்டாம்ப், நாம் எழுதும் நிரலைச் சுருக்கக் குறிகளாக, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் வைத்துக்கொண்டு, ஓடும் நேரத்தில் ஒவ்வொரு குறியாக எடுத்துச் செய்தது, அதன் இரண்டாம் வடிவம் விநாடிக்கு ஏறத்தாழ 4000 கட்டளைகளை நிறைவேற்றும். இன்றைய பிக்ஆக்ஸும் அதே வகைதான். பேசிக் கம்பைலரின் வேலை வேறு. நீங்கள் எழுதியது முழுவதையும் உங்கள் கணினியிலேயே இயந்திர மொழியாக மாற்றி ஒரு ஹெக்ஸ் கோப்பைக் கொடுத்துவிடும். சிப்புக்குள் போவது அந்த இயந்திர மொழி மட்டுமே, பேசிக்கின் சுவடு கூட அங்கே இராது. டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் உருவாக்கிய முதல் பேசிக்கே ஒரு கம்பைலர்தான் என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

நான் பயன்படுத்துவது, நெதர்லாந்தின் எம்சிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் வெளியிடும் பாஸ்காம்-ஏவிஆர். அதில் 'செட் போர்ட்பி.0' என்று ஒரு வரி எழுதினால், ஏடிமெகா8 என்ற ஏவிஆர் சிப்பில் அது எஸ்பிஐ என்ற ஒரே ஓர் இயந்திரக் கட்டளையாக மாறுகிறது. அக்கட்டளைக்கு இரண்டு கடிகாரச் சுழற்சிகள் போதும். 8 மெகாஹெர்ட்ஸில் அது கால் மைக்ரோ விநாடி. அதே வேலையை ஆர்டுயினோவின் வழக்கமான டிஜிட்டல்ரைட் கட்டளையால் செய்தால் பல பத்துச் சுழற்சிகள் ஆகும். ஆர்டுயினோ மட்டம் என்று சொல்லவில்லை. மொழியின் பெயரை மட்டும் வைத்து வேகத்தைக் கணிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, நான் பட்ட அனுபவம். கானாடுகாத்தானில் ஒரு பழைய வளவு வீடு. தேக்குத் தூண்களும் முற்றமுமாக உள்ள அந்த வீட்டில் ஓர் ஆச்சி தனியாக இருந்தார்கள். போர்வெல்லிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மும்முனை நீர்மூழ்கி மோட்டாரைத் தானாக இயக்கவும் நிறுத்தவும் ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள். கோடையில் போரில் தண்ணீர் கீழே போய்விடும். தண்ணீரில்லாமல் ஓடினால் நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சியும் இல்லை, பேரிங்குக்கு வழுவழுப்பும் இல்லை. அந்நேரத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் குறைந்துவிடுவதால் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயும் காப்பாற்றாது. எனவே மோட்டார் ஓடத் தொடங்கி 30 விநாடிக்குள் குழாய் வாயில் தண்ணீர் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று நிரலில் எழுதினேன். எழுதும்போது அது மிகச் சுலபமாக இருந்தது: மோட்டாரைப் போடு, 30 முறை சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் வந்ததா என்று பார், 'வெயிட்எம்எஸ் 1000' என்று காத்திரு.

ஒரு வாரத்தில் ஆச்சியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மோட்டார் சுத்துற சத்தமே கேக்கல, பொசுங்குன வாடைதான் வருது. நீங்க வச்ச பெட்டி நிறுத்தும்னுல்ல சொன்னீங்க?" போய்ப் பார்த்தால் வைண்டிங் கருகிவிட்டது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்பை இணைத்து, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 30 விநாடியில் அணைய வேண்டிய பல்பு 240 விநாடி எரிந்தது. சரியாக எட்டு மடங்கு என்றதும் காரணம் விளங்கிவிட்டது. ஏடிமெகா8 தொழிற்சாலையிலிருந்து வரும்போது தனக்குள்ளேயே இருக்கும் 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் (உள் ஆசிலேட்டரில்) ஓடும்படி ஃபியூஸ் பிட்டுகள் வைக்கப்பட்டே வருகிறது. ஃபியூஸ் என்பது இங்கே உருகு கம்பி அல்ல, சிப்பின் அடிப்படை அமைப்புகளைக் குறித்துவைக்கும் பிட்டுகள். நிரலின் தலையில் 'கிரிஸ்டல் = 8000000' என்று நான் எழுதியிருந்த வரி, கம்பைலர் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுவதற்கான தகவல் மட்டுமே; அது சிப்பின் வேகத்தை மாற்றுவதில்லை. அதற்கு முன் செய்த பெட்டிகளில் ஃபியூஸை மாற்றியிருந்தேன். பொட்டலத்திலிருந்து புதிதாக எடுத்த அந்த ஒரு சிப்பில் மறந்துவிட்டேன். வறண்ட போரில் மோட்டார் ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம் ஓடியிருக்கிறது. வைண்டிங் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அன்று முதல், ஃபியூஸைப் படித்து எழுதி வைக்காமல் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை.

இதே தவறு சி மொழியிலும் நேரும். ஆனால் பேசிக்கில் வரிகள் அவ்வளவு இயல்பாக வந்து விழுவதால், எழுதியது அப்படியே நடக்கும் என்ற நம்பிக்கை சற்று அதிகமாகவே வந்துவிடுகிறது. கம்பைலருடைய உதவிப் பக்கங்களைப் படிப்பதோடு நிற்காமல், சிப்பின் டேட்டாஷீட்டில் கடிகாரம், ஃபியூஸ், ரீசெட் ஆகிய மூன்று அத்தியாயங்களையாவது முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

ஆச்சி வீட்டுப் பெட்டி எனக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. மேல்தொட்டியில் நீர்மட்டம் பார்க்க எவர்சில்வர் கம்பிகளைத் தொங்கவிட்டு, 5 வோல்ட் நேர்மின்னோட்டத்தை இடைவிடாமல் கொடுத்திருந்தேன். மூன்று மாதத்தில் ஒரு கம்பி அரித்துப் போனது, எதிர்முனைக் கம்பியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து மின்சாரம் கடக்கவே இல்லை. தொட்டி நிரம்பியது சிப்புக்குத் தெரியாமல் தண்ணீர் வழிந்து முற்றத்தில் கொட்டியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிமானம் அங்கே ஆராயப்படும் முதன்மையான பொருள்களுள் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதை முன்பே யோசிக்காமல் விட்டேனே என்று வருந்தினேன். தீர்வு நிரலில்தான் கிடைத்தது. பொதுக் கம்பியையும் மட்டக் கம்பியையும் மின்தடை வழியாக இரண்டு பின்களில் இணைத்து, 5 மில்லி விநாடி ஒரு திசையிலும் அடுத்த 5 மில்லி விநாடி எதிர்த் திசையிலும் மின்னழுத்தம் கொடுத்து, முதல் பாதியில் மட்டும் அளவை எடுத்து, பிறகு இரண்டு விநாடிக்கு இரு பின்களையும் பூச்சியத்தில் வைத்துவிட்டேன். பத்து வரிகளுக்கு மேல் ஆகவில்லை. பிறகு கம்பிகளில் படிவு ஏறவில்லை. இந்த மாதிரி வேலையில் பேசிக் கம்பைலர் உண்மையாகவே கைகொடுக்கிறது: பின், நேரம், அளவு என்று நாம் மனத்தில் நினைக்கும் வரிசையே நிரலின் வரிசையாகவும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் திறந்து படித்தாலும் விளங்குகிறது.

பாஸ்காமில் புதிதாக வருபவர்களை முதலில் எரிச்சலூட்டும் ஒன்று உண்டு: ஒரு வரியில் ஒரு கணக்குச் செயல் மட்டுமே எழுதலாம். பெருக்கி, வகுத்து, கூட்டுவதை ஒரே வரியில் எழுத முடியாது. மூன்று வரிகளாகப் பிரிக்க வேண்டும். எனக்கு அது தொல்லையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் எண் எவ்வளவு பெரிதாகிறது என்று பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஏடிமெகா8இல் உள்ள ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட் உடையது. 5 வோல்ட்டுக்கு 1023 என்று கொடுக்கும். அதை மில்லி வோல்ட்டாக மாற்ற 5000ஆல் பெருக்கி 1023ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் வருவது 51,15,000. இதை 'வேர்ட்' வகை மாறியில் போட்டால், அதில் 65,535க்கு மேல் இடமில்லாததால் 3192 மட்டும் மிஞ்சும். அதை 1023ஆல் வகுத்தால் 5000க்குப் பதிலாக 3 என்று எல்சிடி திரையில் வரும். கம்பைலர் பிழை என்று ஒரு சொல் கூடச் சொல்லாது. ஏடிசி மதிப்பை முதலில், பெரிய எண்கள் கொள்ளும் 'லாங்' வகை மாறிக்கு மாற்றிக்கொண்டு, பிறகு பெருக்கி, கடைசியாக வகுத்தால் சரியாக வரும். வகுப்பதை முதலில் செய்தால் பின்னம் போய்விடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

ஸ்டாக், அதாவது நிரல் ஓடும்போது மதிப்புகளைத் தற்காலிகமாக வைக்கும் ராம் பகுதி பற்றியும் ஒரு சொல். ஏடிமெகா8இல் இருப்பது 1024 பைட் ராம் மட்டுமே. அதிலிருந்து ஹார்டுவேர் ஸ்டாக், சாஃப்ட்வேர் ஸ்டாக், ஃபிரேம் ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று பாஸ்காமில் நீங்களே எழுத வேண்டும். இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து வேறு வேலைக்கு அழைப்பது) வரும்போது ரிஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தவே ஏறத்தாழ 32 பைட் தேவைப்படும். குறைத்து ஒதுக்கினால் மாறிகளின் மதிப்பு தானாக மாறுவது போலத் தோன்றும், நீங்கள் நாள்கணக்கில் நிரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மோட்டாரை இணைக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் விடும்போது சிப் ரீசெட் ஆவது, எல்சிடியில் குப்பை எழுத்து வருவது போன்றவற்றுக்கு எந்த மொழியிலும் மருந்து கிடையாது. ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு, கான்டாக்டர் காயிலுக்கு ஸ்னப்பர் (மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் சுற்று), சிப்பின் மின்கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், நிரலில் வாட்ச்டாக் (நிரல் சிக்கிக்கொண்டால் சிப்பை ரீசெட் செய்வது), ஃபியூஸில் பிரவுன்-அவுட் (மின்னழுத்தம் இறங்கினால் சிப்பை ரீசெட்டில் நிறுத்தி வைப்பது) ஆகிய எல்லாமே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மின்னழுத்தம் இறங்கி ஏறுவது வழக்கம் என்பதால், பிரவுன்-அவுட் இல்லாத சிப்பில் ஈஈப்ராம் மதிப்புகள் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சி மொழி தேவையே இல்லையா என்று கேட்டால், வேலைக்குப் போக விரும்பினால் கட்டாயம் தேவை. நிறுவனங்களில் கேட்பது சி. பெரிய ஆர்ம் சிப்புகளுக்கு உற்பத்தியாளர்கள் கொடுக்கும் நூலகங்களும் சியில்தான் இருக்கின்றன. ஆனால் போர்ட், டைமர், இன்டரப்ட், ஏடிசி என்பவற்றைப் பேசிக்கில் கையால் செய்து பழகியவருக்குச் சியில் புதிதாகக் கற்க வேண்டியது இலக்கணம் மட்டுமே. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கப் போய்த்தான் பலர் எதுவும் பிடிபடாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு நேர்ந்ததும் அதுவாகவே இருக்கலாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. ஏடிமெகா8 அல்லது 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஏடிமெகா328பி ஒன்று, நிரலைச் சிப்பில் ஏற்ற யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் ஒன்று, பிரெட்போர்டு, 5 வோல்ட் மின்வழங்கி, ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். பாஸ்காமின் இலவசப் பதிப்பு 4 கிலோபைட் வரை கம்பைல் செய்யும். நீர்மட்டப் பெட்டி போன்ற ஒன்றை அதற்குள் அடக்கிவிடலாம். அது விண்டோஸில் ஓடும் மென்பொருள். பணம் கொடுக்காமல், அளவுக் கட்டுப்பாடும் இல்லாமல் வேண்டுமென்றால், பிக், ஏவிஆர் ஆகிய இரண்டு சிப் வகைகளுக்கும் பயன்படும் திறந்த மூல ஜிசிபேசிக் இருக்கிறது. கிரேட் கவ் பேசிக் என்ற பழைய பெயராலும் அதைச் சொல்வார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் மூன்று மாதம் மற்றொன்றின் பக்கம் போகாதீர்கள்.

முதல் நாள், ஒரு எல்இடியை ஒரு விநாடி எரியவிட்டு ஒரு விநாடி அணைக்கும் நிரலை மட்டும் எழுதுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்து 30 முறை எரிந்து அணையும் வரை எண்ணுங்கள். 60 விநாடியை ஒட்டி வந்தால் கடிகாரம் சரியாக இருக்கிறது. உள் ஆசிலேட்டரில் ஒன்றிரண்டு விநாடி முன்பின் ஆவது இயல்பு. எட்டு நிமிடம் ஆனால் ஃபியூஸைப் பாருங்கள். அந்த 60 விநாடி கைக்கு வருகிற வரையில் ரிலேயையோ மோட்டாரையோ இணைக்க வேண்டாம்.