டோக்கியோவுல ரெக்கார்டு கடை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் கொருக்குப்பேட்டை. ஆபீஸ் டிரெயினிங்னு அடுத்த மாசம் டோக்கியோ அனுப்புறாங்க. நீங்க அங்க பழைய ரெக்கார்டு கடைங்கள்ல சுத்துனதா முன்னாடி எழுதியிருந்தீங்க. எனக்கு போன வருஷம்தான் டர்ன்டேபிள் வந்துது, அதுல இருந்து பித்து பிடிச்சு அலையறேன். எந்தெந்த கடைக்கு போகணும்? எல்பி வாங்கறதா சிடி வாங்கறதா? நம்ம ராஜா சார் ரெக்கார்டு அங்க சல்லிசா கிடைக்குமா? அப்புறம் டிஸ்காக்ஸ் ஆப்ல பார்கோடை ஸ்கேன் பண்ணா என்ன ரேட்டுக்கு போகுதுன்னு காட்டுதுல்ல, அதை வெச்சு அங்க கம்மி ரேட்டுக்கு எடுத்து இங்க வித்தா போட்ட காசு வந்துடும்னு ஃபிரெண்டு சொல்றான், சரியா வருமா? எல்லாம்தான் போன்லயே இருக்கே, எதுக்கு இந்த தட்டை தூக்கிட்டு வரணும்னு வீட்ல கேக்குறாங்க. அதுக்கும் ஒரு பதில் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

தம்பி,

உன் லெட்டர்ல முதல் நாலு வரி வரைக்கும் சந்தோஷம், அதுக்கப்புறம் கோவம். சந்தோஷம் ஏன்னா கொருக்குப்பேட்டைல இருந்து ஒருத்தன் டோக்கியோ போறான், போற எடத்துல ரெக்கார்டு கடை எங்க இருக்குன்னு கேக்குறான், இதுக்கு மேல எனக்கு இன்னா வேணும். கோவம் அந்த பார்கோடு. நீ எழுதலேன்னாலும் இதைப் பத்தி யார்கிட்டயாவது கத்தியிருப்பேன். கொஞ்ச நாளாவே மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு.

அல்லிக்குளம் பக்கம் மூர் மார்க்கெட் கடைங்க இருக்குல்ல, 1985ல பழைய மார்க்கெட் எரிஞ்சதுக்கப்புறம் இந்தப் பக்கம் வந்தவங்க. அங்க நின்னுட்டு இருந்தேன். ஒரு பையன், நல்ல பையன்தான், தோள்ல துணிப்பை. கட்டுல இருந்து ஒவ்வொரு எல்பியா உருவறான், போனை நீட்டறான், பாக்கறான், திருப்பி சொருவறான். கடைக்கார பாய் பக்கத்துலயே பிளேயர் மூடியை திறந்து வெச்சு உக்காந்திருக்கார். "இன்னா பாட்டு வேணும் தம்பி, போட்டு காட்டட்டா"ன்னு கேக்கறார். அவன் நிமிர்ந்தே பாக்கல. கடைசில மூணு ரெக்கார்டை எடுத்துக்கினு ஜிபேல காசை தட்டிட்டு போயிட்டான். ஒரு பாட்டு கேக்கல தம்பி. ஒரே ஒரு பாட்டு!

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். ஷிபுயால டவர் ரெக்கார்ட்ஸ், ஒம்போது மாடி, 1995ல இருந்து அதே பில்டிங். அமெரிக்காவுல தாய் கம்பெனி 2006ல மொத்தமா படுத்துடுச்சு, ஜப்பான்காரங்க அதுக்கு முன்னாடியே தனியா பிரிஞ்சுட்டதால அங்க இன்னும் ஓடுது. பழசுக்கு டிஸ்க் யூனியன். ஷின்ஜுகு, ஓச்சனோமிசு ரெண்டு ஏரியாலயும் ஜாஸுக்கு ஒரு கடை, ராக்குக்கு ஒரு கடைன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஓச்சனோமிசு போனா அப்படியே நடந்து ஜிம்போச்சோ போயிடு, தெரு பூரா பழைய புஸ்தகக் கடை, நம்ம மார்க்கெட் எரியாம இருந்திருக்கக் கூடாதான்னு ஒரு நிமிஷம் வயிறு எரியும். சின்ன கடைங்களுக்கு ஷிமோகிடசாவா. பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், டாக்ஸ் ஃப்ரீ போர்டு மாட்டின கடைல 5,000 யென்னுக்கு மேல வாங்கினா வெளியூர்க்காரனுக்கு அந்த 10 சதவீத வரி மிச்சம், எப்படி கழிக்கறாங்கன்னு கவுன்டர்லயே கேட்டுக்கோ.

எல்பியா சிடியா? உன் பெட்டி எதைத் தாங்குமோ அது. இந்த சண்டைக்கு நான் வரல. ஒண்ணு மட்டும் சொல்றேன், வெளிநாட்டு பாட்டுக்காரங்களோட ஜப்பான் பதிப்பு சிடில பல சமயம் கடைசில ஒரு பாட்டு கூட இருக்கும். தாராள மனசுன்னு நினைச்சுக்காதே. அங்க புது சிடிக்கு கம்பெனி போட்ட விலைதான் விலை, கடைக்காரன் குறைச்சு விக்க முடியாது. அதே ஆல்பம் அமெரிக்கால இருந்து இறக்குமதியா வந்தா சல்லிசு. சனம் அதை வாங்கிட்டு போயிடுமேன்னு உள்ளூர் சிடில எக்ஸ்ட்ராவா ஒரு பாட்டை சேத்து விட்டாங்க. யாவாரம்.

ராஜா ரெக்கார்டு தேடி டோக்கியோ போறியா? போப்பா. கோடம்பாக்கத்துல போட்ட பாட்டு. பாய் கடைல கேளு, எடுத்து தருவார்.

இப்போ பார்கோடு. முதல்ல, உன் ஃபிரெண்டுக்கு இது தெரியலேன்னா அவன்கிட்ட யாவார புத்தி கேக்கறதையே விட்டுடு. 1980க்கு முன்னாடி வந்த எல்பிங்கள்ல அநேகமா பார்கோடே கிடையாது. நீ தேடிப் போற சமாச்சாரம் பாதிக்கு மேல அந்தக் காலத்துது, எதை ஸ்கேன் பண்ணுவே? அட்டைல போட்டிருக்கற கேட்டலாக் நம்பரை டைப் பண்ணி பாக்கலாம், சரி, பாத்தா இன்னா வரும்? எவனோ எங்கயோ இன்னா ரேட்டுக்கு வாங்கினான்னு வரும். உன் கைல இருக்கற தட்டு ரெண்டாவது பாட்டுல டிக் டிக்னு அடிக்குதா, ஊசி அங்கயே நின்னு சுத்துதா, அது வருமா? பழைய சரக்கை வாங்கி விக்கறது தப்புன்னு நான் சொல்லல. மூர் மார்க்கெட்ல தலைமுறை தலைமுறையா அதைத்தான் பண்றாங்க, அதுல புள்ள குட்டிய படிக்க வெச்சாங்க. ஆனா அவங்க கேட்டுட்டு வித்தாங்க. இந்த சைடுல மூணாவது பாட்டு சோக்கா இருக்கும், கடைசில கொஞ்சம் கரகரங்கும், அதனால அஞ்சு ரூபா கம்மியா குடுன்னு சொல்ற ஆளுங்க. உன்கிட்ட அது இருக்கா?

உன் லெட்டரை திரும்ப ஒருவாட்டி படிச்சு பாரு. சல்லிசு, ரேட்டு, கம்மி ரேட்டு, போட்ட காசு. பாட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? ராஜா சாரை விட்டா ஒரு பாடகர் பேரு, ஒரு வாத்தியம், உனக்கு ராத்திரில கேக்க பிடிச்சது இதுன்னு ஒரு வரி? பித்து பிடிச்சு அலையறேன்னு எழுதறே. எதுமேல பித்து?

என் சித்தப்பா ஒருத்தர் இருந்தார், ராயபுரம், கப்பல்ல என்ஜின் ரூம்ல ஆயில்மேன். எழுபதுகள்ல யோகோஹாமா, கோபேன்னு போயிட்டு வந்த மனுஷன். ஜப்பானிஸ் தெரியாது, இங்கிலீஷும் கப்பலுக்கு வேண்டியது மட்டும்தான். ஹார்பர் பக்கம் ஏதாவது கடைல ஒரு பாட்டு காதுல விழும். பிடிச்சுப்போச்சுன்னா அதை வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கினு கப்பலுக்கு வந்துடுவார், டூட்டி பூரா அதேதான், மறந்துடக் கூடாதுல்ல. மறுநாள் லீவு கிடைச்சா நேரா ரெக்கார்டு கடை. கவுன்டர்ல நின்னு அந்த மெட்டை பாடிக் காட்டுவார். நெனச்சுப் பாரு, மீசை, கிரீஸ் போகாத கை, காசிமேட்டு குரல், எதிர்ல கவுன்டர்ல ஒரு ஜப்பான் பொண்ணு. அது சிரிக்காது. கூட இருக்கற ஆளை கூப்பிடும், மறுபடி பாடச் சொல்லும், அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க, உள்ள போய் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து போடுவாங்க. இல்லம்பார். இன்னொண்ணு. இல்ல. அடுத்தது போட்டா மூஞ்சி மலரும். "அந்த பொண்ணு கை தட்டிச்சுடா"ன்னு இதைச் சொல்றப்பல்லாம் அவரும் கை தட்டுவார்.

அப்படி ஒரு சின்ன தட்டு வந்துது. 45 ஸ்பீடு. நடுவுல ஓட்டை பெருசு, ஜப்பான் சிங்கிள்ஸ் அப்படித்தான் இருக்கும், நம்ம வீட்டு பிளேயர்ல நடு கம்பி மெலிசு, தட்டு கோணிக்கினு ஓடும். மனுஷன் விடல. பிராட்வே பக்கம் லேத்து பட்டறைல பித்தளைல ஒரு வில்லை கடைஞ்சு வாங்கிட்டு வந்து நடுவுல வெச்சார். பாட்டு ஓடிச்சு. ஒரு பொம்பளை குரல், இழுத்து இழுத்து, குரலை நடுங்க விட்டு பாடுது. சித்தி சமையக்கட்டுல இருந்து, "இன்னாய்யா இது, எழவு வூட்டு பாட்டு மாதிரி கீது"ன்னுது. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே சித்திதான் "அந்த ஜப்பான்காரி பாட்டை போடுய்யா"ன்னு கேட்டது. அது என்கான்னு ஒரு ரகம்னு ரொம்ப பின்னாடிதான் எனக்கே தெரியும். ஹார்பரு, போன கப்பல், குடி, திரும்பி வராத ஆம்பளை, இதைத்தான் திரும்பத் திரும்ப பாடுவாங்களாம். ராயபுரத்துல இருக்கறவளுக்கு இதுக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேணுமா? மரண கானா கேட்டு வளந்த காது. மெட்டும் ஒண்ணும் நமக்கு அந்நியம் இல்ல. ஜப்பான்ல பழைய பாட்டு நிறைய அஞ்சே சுரத்துல ஓடும், அதுல ஒரு வகை அப்படியே நம்ம மோகன ராகத்தோட அஞ்சு சுரம். அந்த தட்டு இன்னா விலைன்னு எங்க வூட்ல யாரும் கேட்டதே இல்ல. எப்படி கண்டுபிடிச்சேன்னுதான் கேப்பாங்க, அவரும் முதல்ல இருந்து ஆரம்பிப்பார், முணுமுணுப்புல இருந்து.

வெளிநாட்டு பாட்டு கேக்கறது என்னமோ அடையாறு பெசன்ட் நகர் சமாச்சாரம், நம்மாளுங்களுக்கு புதுசுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது எனக்கு ஆகவே ஆகாது. மணலி தெரியுமில்ல, உனக்கு பக்கம்தானே. முத்துசாமி தீட்சிதர் சின்ன வயசுல குடும்பத்தோட அங்கதான் இருந்தார், மணலி முதலியார் ஆதரவுல. 18ஆம் நூற்றாண்டு கடைசி. முதலியார் கிழக்கிந்திய கம்பெனிக்கு துபாஷி, அதான் பாஷை மாத்தி சொல்ற ஆள், கோட்டைல வெள்ளக்காரன் பேண்டு வாசிக்கறதை கேக்க இவங்களையும் கூட்டிட்டு போவார். தீட்சிதர் அந்த மெட்டுங்களை அப்படியே காதுல வாங்கி சமஸ்கிருதத்துல சாகித்தியம் போட்டார், இங்கிலாந்து ராஜாவுக்கு பாடற வாழ்த்துப் பாட்டு மெட்டுல 'சந்ததம் பாஹிமாம்'னு அம்பாள் மேல பாட்டு, இன்னிக்கும் நோட்டுஸ்வரம்னு சின்னப் பசங்களுக்கு சொல்லித் தர்றாங்க. தீட்சிதரோட தம்பி பாலுசாமி வெள்ளக்காரன்கிட்ட ஃபிடில் கத்துக்கிட்டு வந்தார், இன்னிக்கு ஃபிடில் இல்லாம கர்நாடக கச்சேரியே கிடையாது. அப்போ ரெக்கார்டும் இல்ல, டேப்பும் இல்ல. காது மட்டும்தான். உனக்கு அவ்ளோ கஷ்டம் கூட வேணாம்ப்பா, கவுன்டர்ல பிளேயரே இருக்கு.

அதனால சொல்றேன், இதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோ. கைல எடுத்த தட்டை கவுன்டருக்கு கொண்டு போ. பிளேயரை காட்டு, உன் காதை தொட்டுக் காட்டு. பழைய சரக்கு விக்கற கடைல பெரும்பாலும் போட்டுக் காட்டுவாங்க, இல்ல ஹெட்போனை குடுத்து உன்னையே கேக்க விடுவாங்க. சில கடைல ஒரு தடவைக்கு இத்தனை தட்டுதான்னு கணக்கு இருக்கும், அடிமாட்டு விலை பெட்டில கிடக்கறதுக்கு மாட்டேன்னும் சொல்லலாம், சொன்னா சரின்னுட்டு வா, சண்டை போடாதே. தட்டை விளிம்புலயும் நடு லேபிள்லயும் மட்டும் பிடி, வரில விரல் பட்டா அந்தாளு மூஞ்சி சுருங்கும், உன்னால அடுத்து வர்ற நம்ம ஊர்க்காரனுக்கும் கெட்ட பேரு. கவுன்டர்ல ஆள் ஃப்ரீயா இருந்தா, உனக்கு இன்னா பிடிக்கும்னு கேளு, அதை போடச் சொல்லு. பேரே தெரியாத ஒண்ணை போடுவான். அதை வாங்கு. ஒண்ணாவது அப்படி வாங்கலேன்னா என்கிட்ட வந்து டோக்கியோ போனேன்னு சொல்லாதே.

ஒரு சாயங்காலம் ஜாஸ் கிஸ்ஸா ஒண்ணுக்கும் போ. காபிக் கடைதான். ரெக்கார்டு இறக்குமதி ஆகி வீட்ல வாங்க முடியாத விலைல இருந்த காலத்துல, ஒரு காபி காசுல உக்காந்து கேட்டுட்டு போகட்டும்னு ஆரம்பிச்சது. சில கடைல பேசவே கூடாது. நீ போனை பைல போட்டுடு.

வீட்ல கேட்டது நல்ல கேள்வி, உன் எல்லா கேள்வியையும் விட நல்ல கேள்வி. அதுக்கு நான் எதுக்கு பதில் சொல்லணும்? அவங்களுக்கு இன்னா பாட்டு பிடிக்கும்னு முதல்ல கேளு, தெரிஞ்சிருந்தா லெட்டர்ல எழுதியிருப்பே. கேட்டுட்டு அதுல ஒண்ணு தேடிட்டு வா. தட்டு எதுக்குன்னு அப்புறம் கேக்கறாங்களான்னு பாரு. கேட்டாலும் கேப்பாங்க, வீடு சின்னதுதானே.

எல்பியை செக் இன் பண்ற பெட்டில போடாதே, கைப்பைல வெச்சுக்கோ. மீனம்பாக்கத்துல இறங்கி டாக்ஸி டிக்கில போட்டுட்டு வழில பிரியாணி சாப்பிட நிறுத்தாதே, நம்ம வெயிலுக்கு வினைல் வளைஞ்சுடும், அப்புறம் எந்த ஆப்பும் உன்னைக் காப்பாத்தாது. ஜப்பான் எல்பி அட்டைல பக்கவாட்டுல ஒரு காயிதப் பட்டை சுத்தியிருக்கும், ஓபின்னு பேரு. குப்பைன்னு கிழிச்சுடாதே, அது இருந்தாதான் விலையே, விக்கப் போறவனுக்கு இது கூட சொல்லித் தரணுமா? நம்ம பக்கம் ஈரக் காத்துல அட்டை பூஞ்சை பிடிக்கும், சுவரை ஒட்டி அடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டில பாட்டு சொல்லிக் குடுத்த சமயத்துல பாடினது, நான்சச் கம்பெனி 1968ல 'வித்வான்'னு எல்பியா போட்டாங்க. கண்ல பட்டா எனக்கு ஒண்ணு எடு, காசு குடுத்துடறேன். எல்லா சைடும் போட்டுக் கேளு. கீறல் இருந்தா அங்கயே வெச்சுட்டு வா.