கடலில் வேலி எது?

வணக்கம்.
கடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துதானே இருக்கின்றன? ஆமைகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்துகின்றன. பிறகு எப்படி ஒரே இன ஆமைகளுக்குள் இடத்துக்கு இடம் மரபணு மாறுகிறது? ஒரு கரையில் ஆமைகள் அற்றுப்போனால் வேறு கரை ஆமைகள் வந்து நிரப்பிவிடாதா?
மீனா

அன்புள்ள மீனா,

கடலில் பெரிய வேலி குளிர்தான். ஆப்பிரிக்காவின் தென்முனையைப் பாருங்கள். கிழக்கே அகுல்ஹாஸ் என்னும் வெப்ப நீரோட்டம், மேற்கே பெங்குவெலா என்னும் குளிர் நீரோட்டம். வெதுவெதுப்பான நீரில் வாழும் பச்சை ஆமைக்கு அந்தக் குளிரைக் கடப்பது பெரும்பாடு. மறுபக்கத்து வழியையோ சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் பனாமா நிலஇடுக்கு அடைத்துவிட்டது. அதனால்தான் அட்லாண்டிக் பச்சை ஆமைகள் ஒரு கிளையாகவும், இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஆமைகள் இன்னொரு கிளையாகவும் பிரிந்திருக்கின்றன. ஆனால் அந்த வேலியிலும் இடைவெளி உண்டு. மொசாம்பிக் கால்வாயில் அட்லாண்டிக் தாய்வழி மரபு கொண்ட பச்சை ஆமைகள் இருக்கின்றன. எப்போதோ சில ஆமைகள் முனையைச் சுற்றி வந்திருக்கின்றன. உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் ஏழுவரி ஆமைக்கு இந்தக் குளிர் அவ்வளவு பெரிய தடையே இல்லை.

சரி, ஒரே கடலுக்குள் ஏன் வேறுபாடு? பெண் ஆமை தான் பிறந்த பகுதிக்கே திரும்பி வந்து முட்டையிடுகிறது. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) டிஎன்ஏவில் அந்தப் பழக்கத்தின் தடம் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துவிடுகிறது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடலில் மேயும் இளம் பெருந்தலை ஆமைகள் ஜப்பானில் பிறந்தவை என்று 1995இல் உறுதிசெய்ததும் இந்த டிஎன்ஏதான். பசிபிக்கையே தாண்டிப் போய், வளர்ந்தபின் ஜப்பானுக்கே திரும்புகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபுளோரிடா ஆய்வு. பெருந்தலை ஆமைகள் அந்தத் தீபகற்பத்தின் இரு பக்கக் கரைகளிலும் முட்டையிடுகின்றன. பூமியின் காந்தப்புலம் ஒத்திருக்கும் கரைகளின் ஆமைகள், நடுவில் தூரம் அதிகமானாலும், மரபணுவில் நெருங்கியிருக்கின்றன. பிறந்த கரையின் காந்த அடையாளத்தை நினைவில் வைத்து வரும் ஆமை, அதேபோன்ற அடையாளமுள்ள வேறு கரையில் ஏறிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மரபணுவின் எல்லையைக் காந்தப்புலமும் வரைகிறது என்றால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

அப்புறம், உங்கள் கடைசிக் கேள்வி. நிரப்பலாம், ஆனால் மனித ஆயுளின் கணக்கில் அது நடப்பது அரிது. அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் ஒருகாலத்தில் பச்சை ஆமைகள் ஏராளமாக முட்டையிட்டன. இளம் ஆமைகளைக் கொல்லக் கூடாது என்று 1620இலேயே அங்கே சட்டம் போட்டார்கள். ஆனாலும் வேட்டை நிற்கவில்லை, முட்டையிட வந்த கூட்டம் அழிந்தது. இன்றும் இளம் பச்சை ஆமைகள் அங்கே கடற்புல் மேய்கின்றன. அவை வேறு கரைகளில் பிறந்தவை. முதிர்ந்ததும் அங்கிருந்து கிளம்பிப் போய்விடுகின்றன.