யு.எஸ்.பி. வேகமானது என்றால், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையிலிருந்து தரவு ஏன் மெதுவாக வருகிறது?

யு.எஸ்.பி. சீரியல் என்பது, மைக்ரோகண்ட்ரோலர் (பலகையை இயக்கும் சிறு கணினிச் சிப்) தன் தரவை யு.எஸ்.பி. கம்பி வழியே பிட் பிட்டாகக் கணினிக்கு அனுப்பும் முறை. நொடிக்கு எத்தனை பிட்டுகள் செல்லலாம் என்பதை பாட் ரேட் குறிக்கிறது.

ஊனோவின் ஆர்3 வரையிலான பலகைகளில் முதன்மைச் சிப்புக்கு யு.எஸ்.பி. முறை தெரியாது, அது தரவைப் பழைய சீரியல் முறையில் பலகையிலுள்ள இரண்டாவது சிப்பிடம் ஒப்படைக்க, அந்தச் சிப்பே அதைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கிறது. யு.எஸ்.பி. பகுதி நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் இயங்கினாலும், பாட் ரேட் 115200 எனில், 8 பிட்டுகள் கொண்ட ஒவ்வொரு பைட்டும் தொடக்க பிட், முடிவு பிட் சேர்ந்து 10 பிட்டுகளாவதால், நொடிக்கு 11,520 பைட்டுகளே கடக்கும். 9600 எனில் வெறும் 960 தான்.

கடலூர் துறைமுகத்தில் படகிலிருந்து மீன் கூடைகளை ஒருவர் மட்டுமே ஒவ்வொன்றாக இறக்கினால், புதுச்சேரிக்குப் புறப்படக் காத்திருக்கும் லாரி எவ்வளவு வேகமாக ஓடக்கூடியதானாலும் சரக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

பாட் ரேட்டை உயர்த்தும் முன், அனுப்பும் சுமையைக் குறைத்துப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை: 1023 என்ற எண்ணை எழுத்துகளாகவும் வரிமுடிவுடனும் அனுப்பினால் 6 பைட்டுகள், இரும எண்ணாக அனுப்பினால் 2 பைட்டுகளே போதும்.

ராஸ்பெர்ரி பை பைக்கோ, ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற பலகைகளில் முதன்மைச் சிப்பே யு.எஸ்.பி.யைக் கையாள்வதால் இந்த இடைவழி இல்லை. ஆகவே அவற்றின் யு.எஸ்.பி. இணைப்பிலும் பாட் ரேட் எண்ணை உயர்த்தினால் வேகம் கூடும் என்று பலர் கருதுவது தவறு, அங்கே அந்த எண் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை.