லைசென்ஸ் ராஜ் என்றால் என்ன? லிபர்டேரியன்கள் அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

தொழிற்சாலை தொடங்க, விரிவாக்க, புதுப் பொருள் தயாரிக்க என எல்லாவற்றுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இந்தியாவில் முன்பு இருந்த முறைதான் லைசென்ஸ் ராஜ். 1951-ல் வந்த தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் அதன் அடித்தளம்.

பிறருக்குத் தீங்கில்லாதவரை, தன் உழைப்பையும் பணத்தையும் எதில் போடுவது என்பது அவரவர் முடிவு என்பதே லிபர்டேரியன் நிலைப்பாடு. எத்தனை ஸ்கூட்டர் தேவை என்பது டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. அனுமதி அரிதானால், நல்ல பொருள் செய்பவரைவிட ஆளைப் பிடிக்கத் தெரிந்தவரே முந்துவார். உங்கள் தெருவுக்கு ஒரு டீக்கடை, நாளைக்கு 200 டீ போதும் என்று தாலுகா அலுவலகம் தீர்மானித்தால் எப்படி இருக்கும்? டீ ஆறியிருந்தாலும் கடைக்காரருக்குக் கவலையில்லை, வேறெங்கே போவீர்கள்?

ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி இதைத்தான் சாடினார். (1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தவரும் அவரே; அதை எந்த லிபர்டேரியனும் ஏற்கமாட்டார்.) 1991 ஜூலையில் 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் பெறும் கட்டாயம் நீக்கப்பட்டது.

லிபர்டேரியன்கள் அரசே வேண்டாம் என்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானோர் காவல்துறையும் நீதிமன்றமும் கட்டாயம் வேண்டும் என்பவர்களே.