எம்.இ. படிக்க வீட்டில் பணம் இல்லை, ஸ்காலர்ஷிப் எங்கே தேடுவது?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், அப்பா விசைத்தறிக் கூலி என்றும், முதலில் எம்.இ. சீட் வாங்கிவிட்டு அப்புறம் ஸ்காலர்ஷிப் தேடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் நெசவுக் குடும்பம்தான், சென்னிமலைப் பக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சீட் வாங்கிய பிறகு தேட வேண்டாம். முதுகலைப் பொறியியலில் பெரிய தொகை சீட்டோடு சேர்ந்தேதான் வரும். கேட் (முதுகலைப் பொறியியலுக்கான அகில இந்தியத் தகுதித் தேர்வு) தேர்வில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. அல்லது எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம். கூட்டினால் 2,97,600 ரூபாய். ஐஐடி, என்ஐடிகளிலும் எம்.டெக். உதவித்தொகை இதே 12,400தான். இதற்கு ஈடாக வாரம் எட்டிலிருந்து பத்து மணி நேரம் துறைக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். பி.இ. மாணவர்களுக்கு லேப் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலைகள். எனக்கு அது பாரமாகவே தெரியவில்லை. தெர்மல் லேபில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்கே பாதி பாடம் புரிந்தது.

என் வகுப்பில் பக்கத்து இருக்கை நண்பன் கேட் எழுதாமல், அப்போது தமிழ்நாட்டில் எம்.இ. சேர்க்கைக்கு இருந்த டான்செட் நுழைவுத் தேர்வை எழுதி வந்தவன். ஒரே பாடம், ஒரே லேப், ஒரே வாத்தியார். எனக்கு மாதம் 12,400, அவனுக்கு ஒன்றும் இல்லை. மாலையில் ஒரு டியூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு விடுதிக்கு வருவான். முதல் வருஷ முடிவில் கேட் எழுதிப் பாஸும் செய்தான். பயனில்லை, ஏனென்றால் சேரும்போதே கையில் செல்லுபடியாகும் கேட் மதிப்பெண் இருக்க வேண்டும். என்னைவிட நன்றாகப் படிக்கிறவன். இதை ஒரு வருஷம் முன்னால் யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அவனை நினைத்துத்தான்.

நீங்கள் மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் பாதிதான். ஐஐடிக்கு நல்ல ரேங்க் வேண்டும், அது வேறு கதை. உதவித்தொகைக்குத் தகுதி மதிப்பெண் போதும். நூறுக்கு எடுக்க வேண்டிய அந்தக் குறைந்தபட்ச அளவு ஒவ்வொரு வருஷமும் பாடத்துக்குப் பாடம் மாறும். பொதுப் பிரிவுக்கு அது 25க்குக் கீழே இறங்காது. ஓபிசிக்கு அதில் 90 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு. நூறில் 15 மதிப்பெண் பொதுத் திறன் கேள்விகள். அதை விட்டுவிடாதீர்கள், நம்மைப் போன்றவர்களைக் கரையேற்றுவது அந்தப் பதினைந்துதான்.

இனி பணம் கைக்கு வரும் விஷயம். கல்லூரி உங்கள் பெயரைப் போர்ட்டலில் ஏற்றி, மாதாமாதம் வருகையை உறுதி செய்த பிறகுதான் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். எனக்கு இடறியது அந்தக் கணக்குதான். பி.இ. கடைசி வருஷத்தில் அவசரத்துக்கு ஒரு சிறு கணக்கு திறந்திருந்தேன். அதன் பாஸ்புக் நகலைக் கொடுத்தபோது அலுவலகத்தில் இருந்த அக்கா கால்குலேட்டரை எடுத்தார். "தம்பி, இந்தக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. 12,400ஐ எட்டால் பெருக்கு." 99,200. "ஒன்பதாவது மாசப் பணம் எங்கே போகும்? அதுவுமில்லாமல் இந்த மாதிரிக் கணக்கை அவர்கள் எடுத்துக்கவே மாட்டார்கள். ஜாயின்ட் அக்கவுண்டும் கூடாது." வங்கிக்குப் போய் முழுச் சேமிப்புக் கணக்காக மாற்றி, ஆதாரை இணைத்து முடிப்பதற்குள் தீபாவளி வந்துவிட்டது. நீங்கள் இந்த வாரமே உங்கள் கணக்கு எந்த வகை என்று கேட்டுவிடுங்கள்.

ஆக முதல் சில மாதம் கையில் ஒன்றும் இருக்காது என்று வைத்துத் திட்டமிடுங்கள். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், முதல் மெஸ் பில் எல்லாம் அதற்கு முன்பே வந்து நிற்கும். எனக்குச் சித்தி 20,000 கொடுத்தார். மிச்சத்துக்கு அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கிக்குப் போனது.

முதல் பட்டதாரிச் சலுகையை நம்பியிருந்தால், அது பி.இ.யோடு சரி. எம்.இ.க்கு வராது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் உதவித்தொகை வாங்கவும் கூடாது, வேலைச் சம்பளமும் கூடாது. எதைச் சேர்த்து வாங்கலாம், எதைக் கூடாது என்பதைச் சேரும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்விக் கடனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். நாலு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வட்டி மானியம் ஒரு முறைதான். பி.இ.க்கே வாங்கியிருந்தால் எம்.இ.க்குக் கிடையாது. நீங்கள் பி.இ.க்கு அதை வாங்கியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு என்றால் இரண்டே வார்த்தை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கே ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகவே எடுக்க முடிகிற கணக்கு) காட்டச் சொல்வார்கள். அது பத்து லட்சத்துக்கு மேல். எஸ்சி பிரிவு, நிலமற்ற விவசாயக் கூலி, பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். நாடு முழுக்க 125 இடம்தான், இருந்தாலும் தகுதி இருந்தால் போடாமல் விடாதீர்கள்.

எம்.இ. முடித்து ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் நிலைமை இன்னும் இலகு. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000.

எனக்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரைக்கும் சேர்த்து ஜனவரியில் 62,000 ஒரே தடவையாக வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் கூட்டுறவு வங்கி திறக்கும்போது நானும் அம்மாவும் வாசலில் நின்றோம்.