ஆற்றல் பானங்களில் காஃபீன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆற்றல் பானங்களில் உள்ள காஃபீனுக்குச் சட்டக் கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களைப் பட்டியலிட்டு "இதோடு குடிக்கலாமா?" என்று கேட்டவர்கள், தயவுசெய்து தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: காபியிலும் இதே காஃபீன்தானே இருக்கிறது? அதை விட்டுவிட்டு ஆற்றல் பானங்களை மட்டும் ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?

பதில்: பொருள் ஒன்றுதான், அதில் தகராறு இல்லை. ஒரு கோப்பை காபியில் ஏறத்தாழ 90 மி.கி. என்றும், 250 மி.லி. ஆற்றல் பானத்தில் 80 மி.கி. என்றும் வைத்துக்கொண்டால் காபிதான் முந்துகிறது. ஆனால் சூடும் கசப்பும் உள்ள காபியை எவரும் அரை லிட்டர் ஒரே மூச்சில் குடிப்பதில்லை. குளிரவைத்து, இனிப்பேற்றி, விளையாட்டு வீரர்களைக் காட்டி விற்கப்படும் பானத்தையோ, தாகத்தோடு வரும் பதின்வயதினர் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். யார், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு குடிக்கிறார் என்பதில்தான் சட்டத்துக்கு வேலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபீன் உள்ள பானங்கள் 2014 டிசம்பரிலிருந்து எச்சரிக்கை வாசகத்தோடுதான் விற்கப்பட வேண்டும். காபி, தேநீர் என்று பெயரிலேயே இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. என்ன குடிக்கிறோம் என்பது வாங்குபவருக்கே தெரியும் என்ற அந்த நியாயம் எனக்கும் ஏற்புடையதே.

கேள்வி: எனர்ஜி டிரிங்க் குடித்தால் படபடப்பு வருகிறது. இதைத் தடை செய்ய வேண்டாமா?

பதில்: எந்தப் பானம், எத்தனை மி.லி., அன்று வேறு எத்தனை காபி குடித்தீர்கள், உங்கள் வயது என்ன என்று எதையுமே எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். குடிப்பதை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் படபடப்பு நீடித்தாலோ, நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை கடிதம் எழுதும்போது டின்னைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கேள்வி: நான் வாங்கும் பானத்தில் "100 மி.லி.க்கு 32 மி.கி." என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். சட்ட வரம்புக்குள் இருப்பதால் பயமின்றிக் குடிக்கலாம் அல்லவா?

பதில்: இந்த ஒரு வரியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த எண் பானம் எவ்வளவு அடர்த்தியானது என்பதைச் சொல்கிறதே தவிர, உங்கள் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்வதில்லை. அதே பானத்தைச் சின்ன டின்னில் குடித்தால் 80 மி.கி., அரை லிட்டர் டின்னில் குடித்தால் 160 மி.கி.; இரண்டிலும் அச்சாகியிருப்பது அதே 32தான். லிட்டருக்குக் கணக்கிட்டால் 320 மி.கி. ஆகும் உங்கள் பானம் இந்திய வரம்பையே தாண்டுகிறது: ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் லிட்டருக்கு 320 மி.கி., இந்தியா 300 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கின்றன. வரம்பே இல்லாததைவிட இது மேல் என்றாலும், கலவையைத் தொடாமல் டின்னை மட்டும் பெரிதாக்கி விற்கும் நிறுவனத்தை இந்த எண் எதுவும் செய்யாது. ஒரே முறையில் குடிக்கும் டின்னில் மொத்தமாக 180 மி.கி.க்கு மேல் இருக்கக்கூடாது என்று கனடா வைத்திருக்கிறதே, அதுதான் மனிதர் குடிக்கும் விதத்தை அறிந்து எழுதிய விதி.

அமெரிக்காவின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே கோலா பானங்களுக்கு 0.02 சதவீதம், அதாவது லிட்டருக்குச் சுமார் 200 மி.கி. என்ற அளவுகோல் நெடுங்காலமாக இருக்கிறது. ஆற்றல் பானங்களுக்கோ அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆகவே 473 மி.லி. டின்னில் 300 மி.கி. காஃபீன் வைத்து விற்க முடிகிறது. ஆரோக்கியமான பெரியவர் ஒரே வேளையில் 200 மி.கி., ஒரு நாளில் 400 மி.கி. வரை உட்கொண்டால் கவலைப்பட வேண்டியதில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்கு. அந்த ஒற்றை டின் ஒரு வேளைக் கணக்கைத் தாண்டி, ஒரு நாள் கணக்கின் முக்கால் பங்கையும் விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, காஃபீன் எத்தனை மி.கி. என்று அச்சிட வேண்டிய கட்டாயமும் அங்கே இல்லை. சேர்மானப் பட்டியலில் "குவாரனா" என்று இருந்தால் அதுவும் காஃபீன் உள்ள விதைதான் என்பது வாங்குபவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? முழு டின்னுக்கு எத்தனை மி.கி., குவாரனா உட்பட, முன்பக்கத்தில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்: சட்டம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அது வரும் வரை, உங்கள் கையிலுள்ள டின்னின் அளவால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது, எடை 40 கிலோ. தினம் ஒரு டின் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன அதே ஆணையம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்கிறது, உங்கள் மகனுக்கு அது 120 மி.கி. ஆகிறது. அரை லிட்டர் டின் ஒன்றே அதைத் தாண்டிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் ஆற்றல் பானங்களுக்குச் சிறுவர் உணவில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. எடையைக் குறிப்பிட்டு எழுதியதற்கு நன்றி.

கேள்வி: சிறுவருக்கு விற்பதைத் தடை செய்த நாடுகள் உண்டா? இது போதுமா?

பதில்: உண்டு. லிதுவேனியா 2014-இலும், லாட்வியா 2016-இலும், போலந்து 2024-இலும் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடை செய்தன. இதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் போதாது. பதினெட்டு நிரம்பிய மறுநாளே மூன்று டின் வாங்குபவரை வயது வரம்பு காப்பாற்றாது. டின்னுக்கு மொத்த வரம்பும் வேண்டும்.

கேள்வி: உண்மையான ஆபத்து இப்பானங்களில் சேர்க்கும் டாரின் என்ற அமினோ அமிலம்தான் என்கிறார்களே?

பதில்: டாரினைக் காரணம் காட்டி பிரான்ஸ் 2008 வரை ஒரு பிரபல பானத்தை உள்ளேயே விடவில்லை. இப்பானங்களில் சேர்க்கும் அளவில் டாரின் கவலைக்குரியது அன்று என்று 2009-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு சொன்னது. காஃபீனைப் பாருங்கள்.

கேள்வி: தேர்வுக்காக மாலையில் ஒரு பெரிய டின் குடித்தால் நள்ளிரவுக்குள் அதன் வேகம் அடங்கிவிடுமா?

பதில்: அடங்காது. காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்கு 160 மி.கி. குடித்தால் இரவு பத்துக்கு 80 மி.கி., அதாவது ஒரு சின்ன டின் அளவு, இன்னும் உள்ளே இருக்கும். அதிகாலை மூன்றுக்கும் 40 மி.கி. மிஞ்சும். தூக்கம் கெட்ட மறுநாள் இன்னொரு டின் தேவைப்படும்; விற்பவருக்கு அது தெரியும்.

கேள்வி: மதுவோடு கலந்து குடிக்கலாமா?

பதில்: கூடாது. போதை அப்படியே இருக்க, போதையில் இருக்கிறோம் என்ற உணர்வு மட்டும் மங்குகிறது. இவ்விரண்டையும் கலந்தே விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

கேள்வி: சர்க்கரை இல்லாத வகையில் காஃபீன் குறைவுதானே?

பதில்: இல்லை. சர்க்கரையை எடுத்தால் சர்க்கரைதான் குறையும்.

கேள்வி: நான் கர்ப்பமாக இருக்கிறேன். வாரம் ஒரு டின் குடிக்கலாமா?

பதில்: தவிர்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கான வரம்பு ஒரு நாளைக்கு 200 மி.கி.; அது காபி, தேநீர், சாக்லேட் எல்லாம் சேர்ந்த கணக்கு. மேலும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் பதினைந்து மணி நேரம் வரை ஆகக்கூடும் என்பதால், முன்பு உங்களுக்கு ஒத்துக்கொண்ட அளவை இப்போது அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.