மணம் பிடித்து வருகிறவர்கள்

வணக்கம் ஐயா. மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் 'கோகோ' (2017) கார்ட்டூன் படம் பார்த்தார்கள். வீட்டுப் படையலில் போட்டோ இல்லாத செத்தவர்கள் அதில் எல்லை தாண்டி வர முடியாது. என் மாமியாருக்கு இருந்தது அடையாளக் கார்டுப் படம் ஒன்றுதான். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தபோது அதுவும் தொலைந்துவிட்டது. "அப்போ தீபாவளிக்குப் பாட்டி வரமாட்டாங்களா?" என்று சின்னவன் அழுகிறான். கப் சாம்பிராணி ஏற்றி முறையாகத்தான் படைக்கிறோம். இந்த மாதிரிப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? நம் சமயத்துக்கு முரண் இல்லையா?

அன்புத் தங்கைக்கு,

முரணா என்ற கேள்வியை விடுங்கள். முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தப் படத்தில் வரும் மெக்சிகோக்காரர் படையலைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? சின்னவன் அழுததுதான் மனத்தை அறுக்கிறது.

போட்டோ இல்லையென்றால் வர முடியாது என்பது படக்காரர்கள் கட்டிய கதை. அதில் பறக்கிற வண்ண மிருகங்களும் அப்படித்தான். 1936 வாக்கில் மெக்சிகோ நகரத்தில் பெத்ரோ லினாரஸ் என்ற காகிதக்கூழ் கலைஞர் செய்யத் தொடங்கிய பொம்மைகள் அவை. போட்டோ என்ற பொருள் உலகில் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தப் பூர்வகுடிகள் செத்தவர்களுக்குப் படைத்தார்கள். இன்று படமும் வைக்கிறார்கள், சரி. ஆனால் வழி காட்டுவது வாசனை. செத்தவர்கள் நாளான நவம்பர் 1, 2 தேதிகளில் செண்டுமல்லி இதழ்களை வாசலிலிருந்து படையல் வரை தூவிப் பாதை போடுகிறார்கள். அந்தப் பூவுக்குச் சொந்த ஊரே மெக்சிகோதான். கோப்பல் என்ற மரப்பிசினை நம் சாம்பிராணி போலத் தணலில் இடுகிறார்கள். தாகத்தோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர், பக்கத்தில் உப்பு. வந்தவர்கள் உணவின் மணத்தை உண்டு போவார்கள், மிச்சத்தை வீட்டார் சாப்பிடுவார்கள். திரைக்கு மூக்கு கிடையாது. அதனால்தான் மணம் இருந்த இடத்தில் போட்டோவை வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊருக்கு மேலே, லாசா பக்கத்துத் தெமியார் பழங்குடி மக்களைக் கேளுங்கள். செவாங் என்ற சடங்கு ஆட்டம் ஆடும் இரவில் வெளிச்சத்தைத் தணித்துவிடுவார்கள். பெண்கள் மூங்கில் குழாய்களைக் கட்டையில் தட்ட, மலையின் ஆவியோ பழமரத்தின் ஆவியோ கனவில் கொடுத்த பாட்டு இருட்டில் எழும். அங்கே ஆவி காதுக்கு வருகிறது. கண்ணுக்குக் காட்டினால்தான் நம்பிக்கை என்று யார் சொன்னது?

இப்போது திட்டு. கப் சாம்பிராணியா முறை? அதில் சாம்பிராணியோடு அந்தக் கப்பும் சேர்ந்து எரிகிற புகை. மண்சட்டியில் ஒரு பிடி மணல் பரப்பி, அதன்மேல் சிரட்டைக் கரியை மூட்டுங்கள். கரி முழுக்கச் சிவந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை கை வைக்காதீர்கள். கறுப்பாக இருக்கும்போதே போட்டால் கண்ணைக் கரிக்கும் புகைதான் வரும். கட்டிச் சாம்பிராணியை நொறுக்கி ஒரு சிட்டிகை, புகை அடங்கியபின் அடுத்த சிட்டிகை. அள்ளிக் கொட்டினால் உருகித் தணலை மூடிவிடும். சோறு ஆவி பறக்க இலைக்கு வரவேண்டும். ஆறின குழம்புக்கு என்ன மணம்? பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே நில்லுங்கள்.

இவ்வளவு எழுதினீர்களே, மாமியாருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று ஒரு வரி இல்லையே தங்கச்சி! அதைச் சின்னவனிடம் சொல்லுங்கள். படையலுக்குச் செண்டுமல்லிப் பூ உருவுகிற வேலையை அவனிடமே கொடுங்கள். காம்பை ஒரு கையில் பிடித்து, இதழ்களைக் கொத்தாகத் திருகி இழுத்தால் கழன்று வரும். அந்த வாசனை ராத்திரி வரைக்கும் அவன் விரலில் இருக்கும்.